டாலிவர் என்று வந்த கல்லை வில்லிஸ் என்று மாற்றித் தர வேண்டி

அனுப்புநர்
டீலியா வில்லிஸ்,
காலஞ்சென்ற சார்ஜென்ட் ரென்ட்டி வில்லிஸின் மனைவி,
பைன் துறை, தென் கரோலினா.

பெறுநர்
படைவீரர் கல்லறைக் கற்கள் வழங்கும் அதிகாரி அவர்கள்,
வாஷிங்டன்.

பொருள்: என் கணவரின் கல்லில் பொறிக்கப்பட்டுள்ள பெயரை மாற்றக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எங்கள் பள்ளி ஆசிரியை எழுதுகிறார். ஒரு சொல்லையும் மெருகேற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

2. என் கணவர் 1863ஆம் ஆண்டு டாலிவர் என்பவரின் நெல் வயலில் அடிமையாக இருந்தவர், அங்கிருந்து தப்பிப் போய் வடக்கு அரசின் படையில் சேர்ந்தார். பட்டியல் எழுதியவர், "உன் எஜமான் யாரு?" என்று கேட்டு, அந்தப் பெயரையே இவருக்கும் எழுதிவிட்டார். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அப்படித்தான் எழுதினார்கள். இடது தோளில் குண்டடி பட்டும் மூன்று ஆண்டுகள் பணியாற்றினார்.

3. போர் முடிந்ததும் தம் தகப்பனார் பெயரான வில்லிஸ் என்பதை வைத்துக்கொண்டார். அந்தத் தகப்பனாரை ஜார்ஜியாவுக்கு விற்றுவிட்டிருந்தார்கள். வில்லிஸ் என்றுதான் எங்கள் திருமணம் பதிவானது. வில்லிஸ் என்றுதான் இருமுறை மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். இந்தத் தீவில் பள்ளிக்கூடம் வந்ததும் அவர் வாதாடியதால்தான்.

4. 1876 தேர்தலின்போது, கறுப்பர்களைத் தேர்தலிலிருந்து விரட்டத் திரிந்த வெள்ளைக்காரக் கும்பலான செஞ்சட்டைக்காரர்கள் துப்பாக்கிகளோடு வீட்டுக்கு வந்தார்கள். "தேர்தலும் வேணாம், ஒண்ணும் வேணாம். பழையபடி டாலிவர்னு பேர வச்சுக்கிட்டு வயலுக்குப் போ" என்றார்கள். "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல" என்று இவர் வாசலில் நின்று பதில் சொன்னார். எங்கள் கோவேறு கழுதையைச் சுட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தத் தேர்தலில் இவர் தோற்றதாக அறிவித்தார்கள்.

5. சென்ற பிப்ரவரியில் இறந்தார். கல்லுக்கு விண்ணப்பித்தபோது, படைப்பட்டியலில் என்ன பெயர் என்று எழுத்தர் கேட்டார். தேடுவதற்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து டாலிவர் என்று சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். அதையே கல்லிலும் வெட்டி அனுப்பிவிட்டார்கள். கல் மூன்று வாரமாகப் படகுத்துறையில் கிடக்கிறது.

6. எங்கள் சபை மூப்பர், "அரசாங்கம் சும்மா குடுத்த கல்லு, டீலியாக்கா. பேசாம நட்டு வையி" என்கிறார். பழைய டாலிவரின் மகன் துறைக்கு வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றி மரியாதையாகத்தான் சொன்னார்: "ரென்ட்டி எப்பவும் எங்க வீட்டு ஆளுதானே." அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். கணவரைப் புதைத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

7. டாலிவர் என்று பட்டியலில் உள்ளவரும் வில்லிஸும் ஒருவரே என்று அவருடன் போரிட்ட இருவர் சத்தியம் செய்து கையொப்பமிட்ட வாக்குமூலங்களை இணைத்துள்ளேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு அறுபத்தாறு வயது. நான் போன பிறகு அவர் யார் என்று சொல்ல அந்தக் கல்தான் இருக்கும்.

எனவே வில்லிஸ் என்று பொறித்த கல்லைத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பதவியும் படைப்பிரிவும் விடுபட்டாலும் பரவாயில்லை. விதி இடம் தராது என்றால், தயவுசெய்து இந்தக் கல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எஜமானிடமிருந்து தப்பிப் போய்ப் போரிட்டாரோ, அந்த எஜமானின் பெயருக்குக் கீழே அவரைப் படுக்க வைக்க என்னால் முடியாது. அவர் தலைமாட்டில் வெறும் மண்ணே இருந்துவிட்டுப் போகட்டும்.

இடம்: பைன் துறை
நாள்: 9 அக்டோபர் 1893

இங்ஙனம்,
டீலியா வில்லிஸ்
(அவர் கைக்குறி)