விற்றுப்போன வீட்டை விலைக்குக் கேட்டவர்கள்

மார்ச் 4

அன்புள்ள நர்ஸ் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். என் இடுப்பளவு மட்டும் ரொம்ப நலம்.

நேற்று வீடு பார்க்கப் போனோம். தரகர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க எந்த ஆளுங்க?" என்றார். சொன்னோம். "அடடா, காலையிலதானே வித்துப்போச்சு!" என்றார். இப்படிக் காலையில் விற்றுப்போன ஐந்தாவது வீடு இது. ஆள் பார்த்து விற்கக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. சாட்சிதான் இல்லை.

நீங்கள் பிறப்பால் அவர் ஆட்கள். அதே வீட்டை ஒருமுறை கேட்டுப் பார்க்கிறீர்களா? புருஷனாக நடிக்க உங்கள் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சம்மதித்துவிட்டார்.

உங்கள் தங்கை,
டெய்லர்

மார்ச் 9

அன்புத் தங்கைக்கு,

போனோம். வீடு விற்காமல் அப்படியே இருக்கிறது. தரகர் டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தார். நீ பிடித்துக் கொடுத்த கம்பவுண்டர், "அடுப்படி சின்னது" என்றார். "நீங்களா சமைக்கப் போறீங்க?" என்று நான் கேட்க, பெரிய சண்டை. தரகர் சமாதானம் பண்ணி, "நாளைக்கே எழுதிக்கலாம்" என்று அனுப்பினார்.

நீ வழக்குப் போடு, கோர்ட்டில் நான் சாட்சி சொல்கிறேன். நான் குடியிருக்கும் வீட்டு ஓனர் அந்தத் தரகருக்கு மச்சான்தான். இருக்கட்டும்.

அக்கா

நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வீடு எங்களுக்கே என்று தீர்ப்பாகி, சாவியும் வந்துவிட்டது! கூண்டில் தரகர் புலம்பினாரே, "அந்தச் சண்டைய பாத்து யாருங்கய்யா நடிப்புன்னு நினைப்பா?" என்று! ஜட்ஜே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நம்மைப் பார்த்து இன்னும் மூன்று குடும்பங்கள் வழக்குப் போட்டிருக்கின்றன. கதவைத் திறந்ததும் அழுதேன். என் வீட்டுக்காரர், "குடி வந்தியா, துக்கத்துக்கு வந்தியா?" என்றார்.

ஆனால் உங்கள்மேல் எனக்குக் கோபம். சாட்சி சொன்ன மறுநாளே அந்த மச்சான் உங்களைக் காலி பண்ணச் சொன்னதும், ஐந்து மாதமாக ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமில் படுப்பதும் தபால்காரர் சொல்லித்தான் தெரிந்தது. ஊர் வம்பு முழுக்க என் கடை வழியாகத்தான் போகும். உங்கள் கதை மட்டும் எனக்குத் தெரியவில்லையே!

மாடியறை உங்களுக்கு. வாடகைப் பேச்செடுத்தால் ரவிக்கையை இறுக்கித் தைத்துவிடுவேன்.

உங்களால் வீட்டுக்காரியான,
டெய்லர்

நவம்பர் 23

தங்கைக்கு,

சொல்லியிருந்தால் வழக்கை வாபஸ் வாங்கியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அப்புறம் அந்த மூன்று குடும்பங்களும் யாரைப் பார்த்து வந்திருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இரண்டு பெட்டி, ஒரு பீரோ. பீரோ கொஞ்சம் பெரிது. மாடிப்படியின் அகலத்தை அளந்து உடனே எழுது.

அக்கா