கக்குவான் வந்த வழி

அக்கா,

நித்யாவுக்குப் பள்ளி மாற்றுகிறோம். புதுப் பள்ளியில் தடுப்பூசி அட்டையின் ஜெராக்ஸ் கேட்டிருந்தார்கள். இன்று காலை பீரோவின் அடித்தட்டைக் குடைந்து அதை எடுத்தேன். ஓரமெல்லாம் நைந்து, மடித்த இடத்தில் கிழிந்து, மஞ்சளாகிக் கிடக்கிறது. கக்குவானுக்கும் சேர்த்துப் போடும் முத்தடுப்பு ஊசியின் வரியில் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்துத் தேதிக்கும் இரண்டாவது கட்டத்துத் தேதிக்கும் நடுவில் நாலு வாரம்தான் இருந்திருக்க வேண்டும். ஐந்து மாதம் இருக்கிறது. பள்ளியில் அதை யாரும் கூர்ந்து பார்க்கப் போவதில்லை. நான்தான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குக்கரில் எத்தனை விசில் வந்தது என்று தெரியவில்லை. பருப்பு கூழாகிவிட்டது.

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. உங்களுக்குக் கடிதம் எழுதுவேன் என்று நான் நினைத்ததேயில்லை. ஒரே வீட்டில் கீழேயும் மேலேயும் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? படியில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும். அப்படிக் குரல் கொடுத்துச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை ஏழு வருடமாக மென்று முழுங்கிக்கொண்டே இருந்துவிட்டேன். சலித்துப்போய்விட்டது, அக்கா. என்னோடு நானே குடித்தனம் நடத்த அலுப்பாக இருக்கிறது.

சேலையூரில் அந்த மாடிக்கு நாங்கள் குடிவந்தபோது எனக்கு ஆறாம் மாதம். அம்மா இல்லாதவள் என்று தெரிந்த பிறகு நீங்கள் என்னிடம் எதுவும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நீங்களாகவே எல்லாவற்றையும் செய்ய ஆரம்பித்துவிட்டீர்கள். உங்கள் வீட்டுக்கார பாய்க்கு மெத்தைக் கடை. பஞ்சுத் தூசி வீட்டுக்குள்ளும் வரும். அதனால் உங்களுக்கு எப்போதும் தொண்டையில் ஒரு கனைப்பு. நீங்கள் படியேறி வருவதே எனக்கு அந்தக் கனைப்பை வைத்துத்தான் தெரியும். உங்கள் பையன்கள் இரண்டு பேரும் ஆளாகி ஓசூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். "கை சும்மாதாம்மா கீது, புள்ளைய என்னாண்ட குட்த்துட்டு நீ வேலையப் பாரு" என்பீர்கள். நித்யா பிறந்து இரண்டரை மாதத்தில் நான் குரோம்பேட்டை ஆபீசுக்குத் திரும்ப முடிந்தது அந்தக் கையை நம்பித்தான்.

முதல் ஊசிக்கு அவளுக்குக் காய்ச்சல் அடித்து, தொடை வீங்கி, இரண்டு நாள் அழுது தீர்த்திருந்தாள். இரண்டாவது ஊசி நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே வந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையை உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போவதா என்று எனக்குக் கூச்சம். சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதானே ஊசி, அடுத்த புதன் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அடுத்த புதன் ஆபீசில் ஆடிட். அதற்கடுத்த புதன் மழை. ஒவ்வொரு புதன்கிழமையும் நீங்கள் படிக்கட்டில் பிடித்துக்கொள்வீர்கள்.

"இன்னிக்கு ஊசிக்குப் போவலியா?"

"அடுத்த வாரம்க்கா. காய்ச்சல் வந்தா நீங்க தனியா அல்லாடணும்."

"நா அல்லாடுறேன், உனுக்கு இன்னா? ரெண்டு பேரை வளத்தவதான நா. அட்டையக் குடு, நானே இட்டுகினு போறேன்."

கொடுத்திருக்கலாம். உங்களுக்குத் தொந்தரவு கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் கொடுக்கவில்லை. அந்த நல்லெண்ணத்தில் ஐந்து புதன்கிழமை போயிற்று. ஊசிக்காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கிவிடும், ஊசி போடாமல் விட்டது இறங்காது என்று இன்று எல்லோருக்கும் சொல்கிறேன். அன்று எனக்குச் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. நீங்கள் சொல்லிக்கொண்டேதான் இருந்தீர்கள்.

அதே சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் இருமிக்கொண்டிருந்தார். வண்டியில் ஜி.எஸ்.டி. ரோடு வழியாகக் கிண்டிக்குப் போய் வருபவர். அப்போது ரோட்டை அங்கங்கே தோண்டிப் போட்டிருந்தார்கள். "தூசிடி, வேற ஒண்ணுமில்ல" என்று மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பாதி நாள் நன்றாகவே இருப்பார். திடீரென்று ஆரம்பித்தால் மூச்சு வாங்க இடைவெளி இல்லாமல் இருமி, சாப்பிட்டதை வாந்தி எடுத்து, பிறகு ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்து டிவி பார்ப்பார். வேலை முடிந்து வந்ததும் பிள்ளையைத் தூக்கி முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவார். நாங்கள் இரண்டு பேரும் பட்டம் வாங்கியவர்கள். கக்குவான் பெரியவர்களுக்கும் வரும், அவர்களுக்கு அது விடாத வெறும் இருமலாகத்தான் தெரியும் என்று எங்களுக்குத் தெரியாது. அதெல்லாம் அந்தக் காலத்து நோய் என்று நினைத்திருந்தோம்.

நித்யாவுக்கு முதலில் மூக்கு ஒழுகியது. பிறகு இருமல். நான்தான் உங்களிடம் வந்து கேட்டேன். நன்றாக நினைவிருக்கிறது, நான்தான் கேட்டேன்.

"அக்கா, பள்ளிவாசல்ல ஓதி ஊதச் சொல்லலாமா?"

"ஓதிக்கலாம்மா, அது மன்சுக்கு. ஆனா இந்த இருமலு வேற மாரி கீது. மொதல்ல டாக்டரான்ட காட்டு."

"இன்னிக்கு ஊதிட்டு நாளைக்குப் பார்க்கலாம்க்கா."

சாயங்காலத் தொழுகை முடியும் நேரத்துக்கு நாம் இரண்டு பேரும் பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே போய் நின்றோம். கையில் பிள்ளையோடு இன்னும் நாலைந்து அம்மாக்கள் நின்றார்கள். அதில் பொட்டு வைத்தவர்கள்தான் அதிகம். தொழுதுவிட்டு வந்தவர்கள் ஒவ்வொரு பிள்ளையிடமும் நின்று, முணுமுணுவென்று ஓதி, நெற்றிப் பக்கம் மெல்ல ஊதிவிட்டுப் போனார்கள். நித்யா கண்ணைச் சிமிட்டிக்கொண்டு பார்த்தாள். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

அடுத்த நாள் நான் டாக்டரிடம் போகவில்லை. அதற்கடுத்த நாள் மத்தியானம் ஆபீசுக்குப் போன் வந்தது. ஒரு மருந்துக்கடையிலிருந்து நீங்கள் பேசினீர்கள். "புள்ளைக்கு மூச்சு நின்னு வந்துச்சும்மா, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வந்துட்டேன், நீ பதறாம வா" என்றீர்கள். நடந்ததைப் பிறகு பாய்தான் சொன்னார். பிள்ளை இருமியிருக்கிறாள். இருமல் நின்றதும் சத்தமே இல்லை. உதடு நீலமாகி, கை கால் தொய்ந்துவிட்டது. நீங்கள் அவளைக் குப்புறச் சாய்த்து முதுகைத் தட்டி, மூச்சு திரும்பியதும் செருப்புகூடப் போடாமல் கேம்ப் ரோட்டுக்கு ஓடி ஆட்டோவை மறித்திருக்கிறீர்கள். வீட்டுக் கதவு திறந்தே கிடந்ததாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது உள்ளே ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்து, கக்குவான் மாதிரி இருக்கிறது என்றார். இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கூவும் சத்தம் வராமலே போகலாம், இருமிவிட்டு மூச்சு மட்டும் நின்றுவிடும் என்றார். பிறகு கேட்டார்: "வீட்ல யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கா? பிள்ளைய யாரு தூக்குறாங்க?"

நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். கையில் நித்யாவின் ஈரத்துணி. தலையில் முக்காடு இல்லை, காலெல்லாம் மண். நான் உங்களைக் கை காட்டினேன்.

"இவங்கதான் டாக்டர். எப்பவும் இருமிக்கிட்டே இருப்பாங்க. பள்ளிவாசலுக்கு வேற தூக்கிட்டுப் போனாங்க. இவங்க ஆளுங்க எல்லாரும் சேந்து பிள்ளை மூஞ்சிலயே ஊதினாங்க."

இவங்க ஆளுங்க. அந்த வார்த்தை எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை, அக்கா. பதற்றத்தில் வந்தது என்று சில வருடம் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். உள்ளே இல்லாதது வெளியே வராது. நீங்கள், நீதானே கூப்பிட்டாய் என்றுகூடச் சொல்லவில்லை. துணியை பெஞ்சில் மடித்து வைத்துவிட்டு, "நா கீழ நிக்கிறேம்மா" என்று போய்விட்டீர்கள். சாயங்காலம் வரை கீழேயே நின்றிருந்தீர்களாம்.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் டாக்டரம்மா எதிரிலேயே இருமினார். முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிய, கடைசியில் வாஷ்பேசினுக்கு ஓடி வாந்தி எடுத்தார். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

"எத்தனை நாளா?"

"அஞ்சு வாரம் இருக்கும் மேடம். ரோட்டுத் தூசி."

"தூசி இல்ல சார். இதுதான் உங்க பிள்ளைக்கு வந்திருக்கு."

சின்ன வயசில் போட்ட ஊசியின் பலம் நாளாக நாளாகக் குறைந்துவிடும் என்றார். பெரியவர்கள் இதை வாங்கிக்கொண்டு நடமாடுவார்கள், ஊசி முடியாத கைக்குழந்தைதான் மாட்டிக்கொள்ளும் என்றார். பிள்ளையைத் தூக்கியவர்கள் எல்லோரும், இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாத்திரை சாப்பிட வேண்டும் என்று எழுதினார். "கீழ் வீட்டு அம்மா பார்த்துக்கிறாங்கன்னு சொன்னீங்களே, இது அவங்களுக்கு. அவங்களுக்கு இனிமேதான் வரும். மறக்காம குடுத்துடுங்க" என்று தனிச் சீட்டு ஒன்றும் கொடுத்தார்.

மறக்கவில்லை. அதைக் கொடுத்தால் எதற்கு என்று சொல்ல வேண்டும். எதற்கு என்று சொன்னால் யாரிடமிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். அவ்வளவு பேர் முன்னால் உங்களைக் கை காட்டிவிட்டு, மூன்றாம் நாள் வந்து இல்லையக்கா, எங்கள் வீட்டில்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று சீட்டைக் கைப்பையில் போட்டேன். நாளைக்கு என்று தள்ளிப்போடுவதுதான் எனக்குக் கைவந்த கலையாயிற்றே. பல வாரம் கழித்து, பழைய பஸ் டிக்கெட்டுகளோடு சேர்த்து அதையும் கசக்கி எறிந்தேன். என் வீட்டுக்காரரும் கேட்டார், "கீழ சொல்லிட்டியா?" என்று. சொல்லிவிட்டேன் என்றேன்.

பன்னிரண்டு நாளில் பிள்ளை வீட்டுக்கு வந்தாள். இருமல் விட மூன்று மாதம் ஆனது, அதன் பிறகுதான் இரண்டாவது ஊசி. நீங்களும் இரும ஆரம்பித்தீர்கள். கனைப்பு இல்லை, அதே இருமல். தரை வழியாக மேலே கேட்கும். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். "பஞ்சு தூசிம்மா" என்பீர்கள். ஒருநாள் பாய் வந்து, "இருமி இருமி வெலா எலும்புல கீறல் உட்டுக்கீதாம்மா" என்றார். நான் என்ன செய்தேன்? ரசம் வைத்துக் கொடுத்தேன். ஒரு தூக்கில் ரசமும் குழைந்த சாதமும் கொண்டுவந்து உங்கள் வாசல்படியில் வைத்துவிட்டு மேலே ஓடி வந்தேன். விலா எலும்புக்கு ரசம்.

அதற்குப் பிறகு நீங்கள் நித்யாவைத் தூக்கவே இல்லை. நான் வேலையை விட்டேன். அவள் தவழ்ந்து படிக்கு வந்தால் நீங்கள் கீழேயிருந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்பீர்கள். நடக்க ஆரம்பித்து "பெரீம்மா" என்று ஓடி வந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பீர்கள். கோபம் ஆறவில்லை என்று நினைத்தேன். நியாயம்தான் என்றும் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் நான் பேசிய பேச்சும் மறுபடி எழும்பும், இருக்கிற முகப்பழக்கமும் போய்விடும் என்று பயந்தேன். இரண்டு வருடத்தில் பெருங்களத்தூரில் ஃபிளாட் வாங்கிக்கொண்டு போனோம். ரம்ஜானுக்கு பாய் பிரியாணி கொண்டுவந்து கொடுப்பார். நீங்கள் வரமாட்டீர்கள். உங்களுக்குச் சர்க்கரை வந்து, காலில் ஆரம்பித்து, சிறுநீரகம் வரை போன பிறகுதான் நான் நாலைந்து முறை வந்தேன். வந்து வெயிலைப் பற்றியும் ஷேர் ஆட்டோவைப் பற்றியும் பேசிவிட்டுப் போனேன்.

துக்கம் விசாரிக்க வந்த அன்று பாய் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "புள்ள எப்பிடிம்மா கீது?" என்றுதான் கேட்டார்.

"நல்லா இருக்கா பாய்."

"அல்லா காப்பாத்துவான். அவ அஞ்சு வேளையும் மொதல்ல உன் புள்ளைக்குத்தாம்மா துவா கேப்பா. அப்புறம்தான் எங்க பசங்களுக்கு. என்னாலதான் அந்தக் கொயந்த சாகக் கெடந்துச்சுன்னு சொல்லிகினே இருந்தா. கடைசியா ஆஸ்பத்திரில படுத்திருந்தப்பகூட சொன்னா."

நான் நின்ற இடத்திலேயே சொன்னேன், அக்கா. ஏழு வருடம் வராத வாய் அன்று வந்தது. என் வீட்டுக்காரரிடமிருந்துதான் வந்தது, ஐந்து வாரமாக இருமினார், டாக்டரம்மா மூன்றாம் நாளே சொல்லிவிட்டார், உங்களுக்கு என்று கொடுத்த சீட்டைக்கூட நான் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பாய் கேட்டுக்கொண்டார்.

"அவளான்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். பிறகு டீ சாப்பிடுகிறாயா என்று கேட்டார்.

நான் உங்களைக் கோபக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்த வருடமெல்லாம் நீங்கள் பிள்ளையை உங்களிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

இப்போது பஸ் ஸ்டாப்பில் கைக்குழந்தையோடு யாரைப் பார்த்தாலும் கேட்டுவிடுகிறேன். ஊசி தள்ளாமல் போடுகிறாயா, வீட்டில் பெரியவர்கள் யாராவது நாள்கணக்கில் இருமுகிறார்களா, பிள்ளையைத் தூக்க விடாதே, டாக்டரிடம் போகச் சொல். ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும். முகம் தெரியாதவர்களிடம் இவ்வளவு சரளமாக வருகிறது. உங்களிடம் சொல்ல வேண்டியிருந்தது இரண்டே வரி. ஒரு படிக்கட்டு இறங்கி வந்து சொல்லியிருந்தால் நீங்கள் அவளைத் தூக்கியிருப்பீர்கள்.

உங்களால் வரவில்லை, அக்கா. எங்கள் வீட்டிலிருந்துதான் உங்களுக்கு வந்தது.