அசல் என்பதற்கு வேறு சொற்கள்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. பங்களா ஹோட்டலுக்குக் குறுக்குப் பாதையில் நடை. சவர்க்காரம் தேய்த்துப் போயும் காலில் அட்டை. ஒன்று சொக்ஸுக்குள்ளேயே. பிய்த்து எறிந்தேன், அந்தக் கொழகொழப்பு இன்னும் விரலில்.

மெனேஜர் சேர் புது வேலை கொடுத்தார். வெளிநாட்டு விருந்தாளிகளுக்கான வெப்சைட்டில் ‘ஒதென்டிக்’ என்ற சொல் வரிக்கு வரி வருகிறதாம். ஒதென்டிக் டீ. ஒதென்டிக் ரொட்டி. ஒதென்டிக் மழை கூட இருக்கிறது.

“வேற வேற சொல்லாப் போடுங்க தேவிகா. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தா கெஸ்டுக்கு நம்பிக்கை வராது.”

நம்பிக்கை வராதது அதனாலா சேர்? கேட்கவில்லை.

போனில் அகராதி பார்த்து எழுதியவை:

ஜெனுவின் – போலி இல்லாதது. நகைக்கடைச் சொல்.
ஒரிஜினல் – முதலில் இருந்தது. ஹட்டன் பஜாரில் போன் கவர் விற்கிறவன் எதை எடுத்தாலும் இப்படித்தான் சொல்வான்.
ரியல் – உள்ளது. சின்னச் சொல். சேருக்குப் பெரிய சொல்தான் வேண்டும்.
ட்ரூ – பொய் இல்லாதது. வேண்டாம், மாட்டிக்கொள்வோம்.
ட்ரடிஷனல் – அர்த்தமே வேறு. ஆனால் சேர் முதலில் டிக் போட்டது இதற்குத்தான்.

மாலை. அத்தை இஸ்தோப்புத் திண்ணையிலேயே மறித்துவிட்டாள். “சப்பாத்தக் கழட்டு. காலக் கழுவு. அப்பறம் உள்ள வா.” தினமும் இதே. நான் செத்தாலும் காலைக் கழுவித்தான் உள்ளே எடுப்பாள்.

கொழும்பிலிருந்து அப்பா போன். “என் அக்காவப் பாத்துக்கம்மா.” அவருக்கு அக்கா, எனக்கு அத்தை. இந்த வீட்டில் யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்று அப்பாவுக்குத் தெரியாது.

ஜூலை 9, புதன்

இன்று எங்கள் லயத்துக்கு மெனேஜர் சேரே வந்தார், தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரையையும் கூட்டிக்கொண்டு. அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பூட்ஸோடு நேரே உள்ளே. அத்தை வாயைத் திறந்தாள், வாசலில் நின்ற துரையைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். லயத்து வரிசையில் எங்களுடையது கடைசி வீடு. முன்னால் மலை தெரிகிறது, கக்கூஸ் வாடை வராது. ஆகவே எங்கள் வீட்டை ‘ஒதென்டிக் லயம்’ ஆக்கி விருந்தாளிகளுக்குக் காட்டப்போகிறார்கள். எங்களுக்குப் பழைய பிள்ளைக் காம்பரா. முன்பு தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு மலைக்குப் போன இடம். இப்போது அங்கே உர மூட்டைகள்.

முடியாது என்று சொல்ல வழியில்லை. அத்தை கொழுந்து பறிக்கும் வேலையை விட்டாயிற்று. நான் ஹோட்டலில், அது தோட்டக் கணக்கில் சேராது. தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்ய ஆளில்லாத வீட்டைத் துரை எப்போது கேட்டாலும் கொடுக்க வேண்டியதுதான். லயத்தில் எல்லோருக்கும் இது தெரியும். பக்கத்து வீட்டில் ரேடியோவைக்கூடக் குறைத்துவிட்டார்கள், காது கொடுக்க.

“அம்மாவுக்கும் வேலை இருக்கு. அடுப்புக்கிட்ட இருந்து ரொட்டி சுட்டாப் போதும். வீட்ட விட்டுப் போன மாதிரியே இருக்காது” என்றார் சேர். அத்தையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெளியே வந்ததும் பையிலிருந்து சானிடைசர் குப்பியை எடுத்துக் கையைத் தேய்த்துக்கொண்டார். நான் பார்ப்பதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றித் தேய்த்தார். சீ.

அவர்கள் போன பிறகு அத்தை கேட்டாள். “அந்தாளு என்னமோ ஒரே சொல்ல சொல்லிக்கிட்டே இருந்தானே, என்னா அது?”

“ஒதென்டிக். அசல்னு அர்த்தம் அத்தை.”

“அசலாத்தானே இருக்கோம்?”

துணியை எடுத்து பூட்ஸ் தடத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். நானும் துடைத்தேன்.

ஜூலை 14, திங்கள்

சாமான் மாற்றியாயிற்று. பிள்ளைக் காம்பராவில் உர வாடை. தலையணையில், தண்ணீரில், சோற்றில். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. தகரம் ஒழுகுகிறது, கீழே வாளி.

கொண்டுபோகச் சொன்னவை: டீவி, ஃப்ரிஜ், கேஸ் அடுப்பு, பிளாஸ்டிக் கதிரை, என் மேசை, சுவரிலிருந்த என் பட்டமளிப்புப் போட்டோ (ஒதென்டிக் இல்லை).
விட்டுப்போகச் சொன்னவை: அம்மி, பித்தளைக் குடம், சாமி படம், அத்தை.

ஜூலை 17, வியாழன்

சேர் எங்கள் பழைய வீட்டுக்கு மேற்பார்வை பார்க்க அனுப்பினார். போனேன். போயிருக்கக் கூடாது.

பொங்கலுக்கு நானும் அத்தையும் அடித்த நீலப் பெயின்டைச் சுரண்டிவிட்டு, மேசன் பாஸ் சுவரில் கரி பூசிக்கொண்டிருந்தார். அவருக்கே கூச்சம், என் முகத்தைப் பார்க்கவில்லை. “சுத்தமாக்கத்தான் கூப்புடுவாங்க, மகள். அழுக்காக்கக் கூப்புட்டது இதான் மொதத் தடவ.”

சிமெந்துத் தரையை உடைத்து மண் கொட்டியிருக்கிறார்கள். சாணி போட்டு மெழுகவாவது தெரிந்திருக்கலாம். வெறும் மண். மிதித்தால் ஒட்டுகிறது. அந்தச் சிமெந்துத் தரை மாமா, அத்தையின் புருஷன், போட்டது. போட்டு முடித்த வருடமே இறந்துபோனார்.

இன்னொன்று. சாமி படத்துக்கு மேலே கொழுந்துக் கூடை மாட்டியிருக்கிறார்கள். வேர்வையும் அட்டையும் ஏறிவரும் கூடை, எந்த வீட்டிலும் இஸ்தோப்பு ஆணியைத் தாண்டி உள்ளே வராது. சேரிடம் சொன்னேன்.

“அங்கதான் தேவிகா லைட் விழுது.”

அத்தையிடம் சொல்லவில்லை. எல்லாம் முடிந்ததா என்று கேட்டாள். முடிந்தது என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

நாளை காலை ஒபிசுக்கு வரச் சொல்லியிருக்கிறார் சேர். வேலை போய்விடும் என்று நினைக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. நடந்ததை எழுதிவிட்டால் தூக்கம் வருமா பார்ப்போம்.

இன்று முதல் விருந்தாளிகள், வெள்ளைக்காரக் கணவன் மனைவி. நல்ல மாதிரி மனிதர்கள், அதுவே எனக்கு எரிச்சல். கெட்டவர்களாக இருந்தால் வசதியாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

அத்தைக்குப் படங்கு கட்டிவிட்டிருந்தார்கள். மலையில் துணி நனையாமல் இடுப்பில் சுற்றுகிற சாக்கு அது. அதை வீட்டுக்குள், அடுப்படியில். தலையில் பூ வேறு. உள்ளே வந்ததும் அத்தை கூடையைப் பார்த்தாள், கீழே சாமி படத்தைப் பார்த்தாள். உட்கார்ந்து மாவை உருட்டினாள். உருட்டிக்கொண்டே இருந்தாள்.

சேர் என் பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். ஜெனுவின் சுவர். ஒரிஜினல் தரை. நான் தேடிக் கொடுத்த சொற்கள் அவர் வாயிலிருந்து வரும்போது அருவருப்பாக இருந்தது. அதில் பாதி என் மேல்தான்.

அந்தப் பெண் அத்தையின் பக்கத்தில் குனிந்து, இது உங்கள் வீடா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அதைத் தமிழில் சொல்வது என் வேலை. சேர் முந்திக்கொண்டு என் காதருகே வந்தார்.

“மூணு தலைமுறையா இங்கதான் இருக்கோம்னு சொல்லச் சொல்லுங்க.”

நான் கேள்வியை மட்டும் சொன்னேன். “இது உங்க வீடான்னு கேக்குறாங்க அத்தை.”

அத்தை அந்தப் பெண்ணின் காலைப் பார்த்தாள். மலையேறும் சப்பாத்து, கணுக்கால் வரை சேறு.

“என் வீடா இருந்தா, சப்பாத்தக் கழட்டிட்டு உள்ள வாங்கன்னு சொல்லியிருப்பேன்.”

சேர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். மாற்றிச் சொல் என்கிற பார்வை. நான் ஆங்கிலத்தில் அப்படியே சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

இருவருக்கும் முகம் சிவந்துவிட்டது. நின்ற இடத்திலேயே குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்கள். அத்தை பதறிப்போய் மாவுக் கையை நீட்டித் தடுத்தாள்.

“வேணாம்னு சொல்லு புள்ள. காலு அழுக்காயிரும்.”