அவசரக் குலவை

ஏப்ரல் 17, வியாழன். தன்தா

அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். முழுச் சரி இல்லை. என் தோழிகள் ஸிஹாமோடும் லம்யாவோடும் அலெக்சாந்திரியாவுக்கு நாலு நாள் போய்வர மட்டும் சரி. ஜூலையில் அதே ஊரில், மீன் ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கிடைத்திருக்கும் வேலைக்குப் போகலாமா என்பதற்கு இன்னும் பதில் இல்லை. சப்ரி மாமா நேற்றும் வந்து உட்கார்ந்துகொண்டு, பெண் பிள்ளை வெளியூரில் தனியாக இருந்தால் ஊர் என்ன பேசும் என்று ஒரு மணி நேரம் பேசினார். அம்மா அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே தலையாட்டினாள். அப்பா குவைத்திலிருந்து, உங்கம்மா சொல்றதுதான் என்று நழுவிவிட்டார்.

மாமா போனபின் அம்மா தன் பயத்தைச் சொன்னாள். "உனக்கு யார்கிட்டயும் இல்லன்னு சொல்ல வராதுடி. அந்த ஊர்ல உன்னை ஒரே வாரத்துல வித்துச் சாப்பிட்டுடுவாங்க."

அம்மா சொல்வது உண்மைதான். ரெண்டு நாள் பார்த்துக்கொள் என்று பக்கத்து வீட்டார் விட்டுப்போன கிளி போன வருஷத்திலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நான் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டு அது 'சரி, சரி' என்று மட்டும்தான் கற்றிருக்கிறது.

ஆகவே இந்தப் பயணம் ஒரு பரீட்சை. ஒரு வம்பும் இல்லாமல் திரும்பினால் வேலையைப் பற்றிப் பேசலாமாம். நாலு நாள்தானே, கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் வம்பு எங்கிருந்து வரும்?

ஏப்ரல் 19, சனி. அலெக்சாந்திரியா

கடல், கடல், கடல். தண்ணீர் பனிக்கட்டி. லம்யா முழங்கால்வரை இறங்கி, செத்தேன் என்று கத்திக்கொண்டே இன்னும் உள்ளே போனாள். ஸிஹாம் கரையில் உட்கார்ந்து எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருந்தாள். அவள் வீட்டில் கடல் வாசனையோடு வளர்ந்தவர்கள் எல்லாரும் இப்படித்தானாம், ஏப்ரல் முடியாமல் கால் நனைக்கமாட்டார்களாம். எல்லாம் சும்மா, முடி கலைந்துவிடும் என்ற பயம்.

தொப்பி விற்பவர் ஒருவர் வந்தார். வேண்டாம் என்று ஸிஹாம் சொன்னாள். வேண்டாம் என்று லம்யா சொன்னாள். என்னிடம் வந்தார். மூன்று தொப்பி வாங்கினேன். மூன்றையும் காற்று கொண்டுபோனது. லம்யா மணலில் உருண்டு உருண்டு சிரித்தாள்.

சிதி பிஷ்ர் பகுதியில் ஸிஹாமின் அஃப்கார் சித்தி வீட்டில்தான் தங்கல். சித்தப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. சித்தியும் மகன் ராமிஸும்தான். ராமிஸ் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்க்கிறான், நல்ல பையன், வாயைத் திறந்தால்தான் இருக்கிறான் என்று தெரியும். சித்தி நேர்மாறு. நாங்கள் வாசலில் பையை வைப்பதற்குள் எங்களில் யார் யாருக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று கேட்டுவிட்டார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

நாளை ஷம்முன் நஸீம். வசந்தத் திருநாளுக்கு ஃபஸீக் மீன் இல்லாமல் முடியுமா? சித்தி எங்களைக் கடைக்கு அழைத்துப்போனார். உப்பில் ஊறிய மீன் பீப்பாய் பீப்பாயாக. தெரு முனையிலேயே லம்யா மூக்கைப் பொத்திக்கொண்டாள். தின்னும்போது மட்டும் பொத்தமாட்டாள்.

கடைக்காரர் மேலே இருந்ததை எடுத்துக் கட்டப் போனார். நான் கையை நீட்டி ஒன்றை வாங்கி, செவுளைத் தூக்கிப் பார்த்தேன், வயிற்றை அமுக்கினேன். விரல் உள்ளே போனது, சதை திரும்பி எழவில்லை. இது வேண்டாம் என்றேன். அடுத்ததும் வேண்டாம் என்றேன். கடைக்காரர் முனகிக்கொண்டே அடிப்பீப்பாயைத் திறந்தார். சித்தி என்னை அங்கேயே கட்டிக்கொண்டார்.

மீனிடம் மட்டும் எனக்கு வேண்டாம் என்ற சொல் வருகிறது. மீன் முகம் சுண்டிக்கொள்ளாது, அதனாலோ என்னவோ.

சாயங்காலம் சித்தி நாலு முறை, இப்படி ஒரு பெண் வீட்டுக்கு வந்தால் விஷ மீன் பயம் இல்லாமல் இருக்கலாம் என்று சொன்னார். நாலு முறையும் ராமிஸைப் பார்த்தார். ஸிஹாம் மேஜைக்கு அடியில் என் காலை உதைத்தாள்.

ஏப்ரல் 21, திங்கள்

ஐயோ.

நிதானமாக எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வரும்.

மதியம் எல்லாரும் மேஜையில். ஃபஸீக், வெங்காயத்தாள், கீரை இலைகள், நாங்கள் காலையில் சாயம் பூசிய முட்டைகள். சித்தப்பாவின் அண்ணன் மித்வல்லி பெரியவரும் வந்திருந்தார். சித்தி வேண்டுமென்றே என்னை ராமிஸுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். நானும் உட்கார்ந்தேன். (வேறென்ன செய்வேன்?) சாப்பிடத் தொடங்குமுன் பெரியவருக்குத் தம்பி நினைவு வந்து கண் கலங்கியது. இந்த மீன் என்றால் உயிரை விடுவான், அவனுக்காக ஒரு ஃபாத்திஹா ஓதுவோம் என்றார். எல்லாரும் கையேந்தினோம்.

சரியாக அந்த நேரத்தில் மேல்மாடி உம்மு வஜ்தி, ஒரு தட்டு முட்டையோடு, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்தாள். என்ன கண்டாள்? வீட்டுப் பெரியவர் ஃபாத்திஹா ஓதுகிறார், பக்கத்தில் ராமிஸ், அவன் பக்கத்தில் புதுசாக ஒரு பெண் தலை குனிந்து. எந்த வீட்டில் கல்யாணம் பேசி முடித்தாலும் இப்படித்தானே ஓதுவார்கள். தட்டை வைத்துவிட்டு ஒரு குலவை விட்டாள் பாருங்கள், எதிர்வீட்டு பால்கனியிலிருந்து பதில் குலவை வந்தது. அதற்கு அடுத்த கட்டடத்திலிருந்து இன்னொன்று. யாருக்கென்று தெரியாமலே தெருவே குலவை விட்டது.

சித்தி எழுந்து விளக்கிச் சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தார். "செத்துப்போன மனுஷனே வந்து முடிச்சு வச்ச மாதிரி ஆயிடுச்சு" என்று என்னை முத்தமிட்டார். ரோஜா சர்பத் வந்தது. யார் யாரோ வந்தார்கள். கன்னம் வலிக்கும்வரை முத்தம். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். ஏன் சிரித்தாய் தஹானி? வாய் எதற்கு இருக்கிறது உனக்கு?

சமையலறையில் ராமிஸ் என்னைப் பிடித்துக்கொண்டான். முகம் முட்டை ஓடு மாதிரி வெளுத்திருந்தது. "தங்கச்சி, தப்பா நினைக்காத. எனக்கு ஆபீஸ்ல அபீர்னு ஒரு பொண்ணு இருக்கா. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. நாளைக்குச் சொல்லிடறேன், அதுவரைக்கும் நீ ஒண்ணும் பேசாத."

சரி என்றேன். கிளியேதான் நான்.

அதே நாள், பின்னேரம்

உம்மு வஜ்தியின் தங்கை தன்தாவில் எங்கள் பின் தெருவாம். அம்மா ஃபோன் செய்தாள். வாழ்த்தும் இல்லை, திட்டும் இல்லை. "நாளைக்குக் காலை ரயில்ல வரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

என் வேலை போச்சு. போயே போச்சு.

ஏப்ரல் 22, செவ்வாய்

அம்மா கறுப்பு உடையில் வந்தாள். துக்க வீட்டுக்குப் போடுவது.

கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். சித்தி, மித்வல்லி பெரியவர், உம்மு வஜ்தி, அவள் கூட்டி வந்த இரண்டு பெண்கள். சித்தி தன் மாமியார் போட்ட மோதிரத்தைப் பெட்டியோடு மேஜைமேல் வைத்திருந்தார். லம்யா நகம் கடித்துக்கொண்டிருந்தாள். ராமிஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் சொல்லவில்லை என்று அந்தத் தலையே சொன்னது.

அம்மா உட்காரக்கூட இல்லை. யாரையும் பார்க்காமல் என்னை மட்டும் கேட்டாள், உன் சம்மதத்தோடு ஓதியதா என்று.

சித்தியின் முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு சந்தோஷம் அதில். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் குலவை கேட்டிருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டால் இந்த நிமிஷம் எல்லாருக்கும் நல்லபடியாகப் போய்விடும், பிறகு மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது, வெட்கத்தோடு எழுதுகிறேன்.

"இல்லம்மா" என்றேன். "அது சித்தப்பாவுக்காக ஓதினது. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் சித்தி. உங்களை எனக்குப் பிடிக்கும், இந்த வீடு பிடிக்கும். ஆனா வேண்டாம். நான் இந்த ஊருக்கு வேலைக்குத்தான் வரணும்னு நினைக்கிறேன்."

சித்தியின் முகம் சுண்டிவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை, இருந்தாலும் பார்த்துக்கொண்டு நின்றேன். வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை.

அப்புறம்தான் ராமிஸுக்கு ரோஷம் வந்தது. எழுந்து நின்று அபீரைப் பற்றிச் சொன்னான். அலுவலகம், பெயர், அவள் அப்பா யார், எல்லாம் ஒரே மூச்சில். அந்தப் பையன் அவ்வளவு பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லையாம்.

சித்தி கொஞ்சம் அழுதார். முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தார். பிறகு மகனைப் பார்த்து, "அவளுக்கு மீன் பார்க்கத் தெரியுமாடா?" என்று கேட்டார். முதலில் சிரித்தது அம்மாதான். உம்மு வஜ்தி, குலவை வீண் போகவில்லை, ஆள்தான் மாறிவிட்டது என்றாள்.

ஏப்ரல் 23, புதன்

அம்மா நேற்றுத் திரும்பவில்லை. சித்தி விடவில்லை. இரண்டு பேரும் மிச்ச ஃபஸீக்கை வைத்துக்கொண்டு பழைய கதை பேசித் தீர்த்தார்கள். காலையில் எல்லாருமாகக் கடற்கரைச் சாலையில் நடந்தோம். அம்மா கறுப்பு உடையிலேயே அவித்த மொச்சை தின்றபடி, நேற்று வரை பார்த்தேயிராத சித்தியோடு கை கோத்துக்கொண்டு போனாள். லம்யா அம்மாவைத் தண்ணீரில் இறக்கிவிட்டாள். அலை வந்ததும் அம்மா போட்ட கூச்சல் உம்மு வஜ்தியின் குலவையைத் தோற்கடித்துவிடும். கெண்டைக்கால்வரை நனைந்து சிரித்துக்கொண்டே நின்றாள். இப்படி அவளை நான் பார்த்ததில்லை.

வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

ஏப்ரல் 24, வியாழன்

லம்யாவின் மூக்குத் தோல் உரிகிறது. ஸிஹாம் செருப்பில் இன்னும் மணல். எனக்கு மட்டும் ஒன்றும் ஓடவில்லை.

ஏப்ரல் 26, சனி

சப்ரி மாமா ஃபோன் செய்தார். நான் சமையலறையில் தேநீர் வைத்துக்கொண்டிருந்தேன், அம்மா கூடத்தில். அலெக்சாந்திரியாக் கதை அவர் காதுக்கும் போயிருக்கிறது. வெகுநேரம் அவரே பேசினார் போலிருக்கிறது, இந்தப் பக்கம் ம், ம் என்ற சத்தம் மட்டும். அம்மா தன் அண்ணனிடம் இத்தனை வருஷமும் அப்படித்தான். எனக்கு இந்த வியாதி எங்கிருந்து வந்தது என்று இன்றைக்குத்தான் யோசித்தேன்.

பிறகு அம்மாவின் குரல் கேட்டது.

"ஆமாண்ணே, ஜூலைல போறா. அத்தன பேர் முன்னாடி நின்னு வேண்டாம்னு சொன்னா. நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். அவளுக்கு அந்த ஊர்ல இருக்கத் தெரியும்."

மாமா ஏதோ சொன்னார்.

"இல்லண்ணே, நான் உங்ககிட்டக் கேக்கல. சொல்றேன்."

நான் தேநீரைக் கொண்டுபோனபோது ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோப்பையை வாங்கக் கை நீட்டினாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். தேநீர் ஆறும்வரை விடவில்லை.