உன் பல்லும் என் நான்கு மாதப் பொய்யும்

நெம்மேலி,
திங்கட்கிழமை.

அன்புள்ள சிநேகாவுக்கு,

ஜெஸ்ஸி எழுதுகிறேன். தினமும் வாட்ஸப்பில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் மறுபடியும் பொய்தான் சொல்வேன். அதனால் கோவாவில் நீ வேலை செய்யும் ரிசார்ட் முகவரிக்கு இதை அனுப்புகிறேன்.

உன் அப்பாவை நேற்று சர்ச்சில் பார்த்தேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறதாம். உன் வேலையைப் பற்றி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

எத்துப்பல்லைச் சரிசெய்ய நாம் இருவரும் ஒரே நாளில்தான் செங்கல்பட்டுப் பக்கம் அந்தப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். மானசா டாக்டர் தன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். நம் கையில் ரத்தம் எடுத்து, மெஷினில் சுற்றவிட்டு, தெளிந்து வரும் மஞ்சள் நீரை நம் ஈறிலேயே ஊசியாகப் போட்டால் பல் சீக்கிரம் நகருமா என்று பார்க்கிறார்கள். எல்லோருக்கும் பல்லில் கம்பி உண்டு; பாதிப் பேருக்கு அதோடு ஊசி, மீதிப் பேருக்குக் கம்பி மட்டும். யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. உனக்கு ஊசி வந்தது. எனக்கு வரவில்லை.

முதல் ஊசிக்கு உன் கன்னம் வீங்கியது. நான் அழுதேன். “இன்னாடி, ஊசி குத்தனது எனக்கு, நீ ஏன் அழுவுற” என்று என்னைக் கட்டிக்கொண்டாய். உன் வலிக்காக நான் அழவில்லை சிநேகா. உன் ரத்தம் உனக்கு உதவுகிறது, என் ரத்தத்தை யாரும் கேட்கக்கூட இல்லையே என்று அழுதேன்.

மாதாமாதம் டாக்டர் பல் இடைவெளி எவ்வளவு குறைந்தது என்று அளந்து சொல்வார். என் அளவைவிட உன் அளவைத்தான் காது கொடுத்துக் கேட்டேன். பதினான்காம் மாதம் உனக்குக் கம்பியைக் கழற்றினார்கள். அன்று அம்மா, “அந்தப் பொண்ணு எவ்ளோ அயகா கீது, நீ இன்னும் கம்பி மாட்டிகினு சுத்துற” என்றாள். நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

அதே வாரம் மாமல்லபுரத்தில் ரிசார்ட் இன்டர்வியூவுக்கும் சேர்ந்தே போனோம். உன்னை எடுத்து கோவாவுக்கு அனுப்பினார்கள். சிரிப்பைப் பார்த்துத்தான் எடுத்தார்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். உன் ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாக இருந்ததை ஒருவரிடமும் சொல்லவில்லை.

இனி எழுதுவதுதான் கஷ்டம். பல் திரும்ப நகராமல் பிடித்து வைக்கும் ரீடெய்னர், நீ கிளம்பிய மறுவாரமே தயாராகிவிட்டது. உனக்கு கூரியரில் அனுப்பச் சொல்லி டாக்டர் என்னிடம் கொடுத்தார். நான் அதை பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். உன்னிடம் “இன்னும் ரெடியாவல” என்றேன். டாக்டரிடமோ, உனக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னேன். நான்கு மாதம் இப்படியே போனது.

போன வாரம் வீடியோவில் நீ சிரித்தபோது மேல் பல்வரிசையில் இடது பக்கம் மெல்லிய சந்து தெரிந்தது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்து இந்தக் கடிதத்தை எழுத முடியாது. நீயோ, “டாக்டருக்கு எவ்ளோ வேலையோ பாவம், மெதுவா வரட்டும்” என்றாய். போனை வைத்த பிறகு என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாளே போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றி வைத்தார். பிறகு, பழைய ரீடெய்னர் இப்போது பொருந்தாது, அழுத்திப் போடக்கூடாது, கோவாவிலேயே பல்லுக்குக் கம்பி போடும் ஒரு டாக்டரை உடனே பார்க்க வேண்டும், இப்போது போனால் சரிசெய்துவிடலாம் என்றார். உன் சிகிச்சைக் குறிப்புகளை இன்று உன் நம்பருக்கு அனுப்புவார்.

ஊசியால்தான் உனக்குச் சீக்கிரம் நகர்ந்ததா என்றும் கேட்டேன். எல்லோருடைய அளவும் வந்தால்தான் தெரியும், ஊசி இல்லாமலேயே உனக்கு அப்படி நகர்ந்திருக்கலாம் என்றார். அப்படியென்றால் ஒன்றரை வருடம் நான் எதன்மேல் பொறாமைப்பட்டேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

தயவுசெய்து இந்தக் கடிதம் கிடைத்தவுடனே லீவு போட்டு அங்கே டாக்டரைப் பார். அதற்குப் பிறகு என்னைத் திட்டு, பேசாமல் இரு, உன் அப்பாவிடம் சொல், எதுவானாலும் சரி. உன் பல் நன்றாக இருக்க வேண்டும் என்று நேற்று ஜெபம் செய்தேன். மனதாரச் செய்தேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அதனால்தான் உனக்கும் எழுதுகிறேன்.

கர்த்தர் உன்னோடு இருப்பாராக.

ஜெஸ்ஸி