பணியாரக்கல் பர்னர்

மான்மவுத் ஜங்ஷன்,
ஜனவரி 29

அன்புள்ள ப்ரியம்வதாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். எல்லாக் கடிதத்திலும் வழக்கத்துக்கு எழுதுகிற சுகம் இல்லை இது, ரத்தம் எடுத்துப் பார்த்து டாக்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சுகம், ஆகவே தைரியமாக நம்பலாம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தை சுஹாஸும் பிளானோவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தைத் தேடுகிறாள் என்று நினைப்பாய். போனில் எப்போது பேசினாலும் உன் அப்பா பக்கத்து சோபாவில் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருக்கிறார். நீ அவரிடம் பேசி இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. அப்பா இருக்காரா என்று நீயும் கேட்பதில்லை, என்கிட்ட குடு என்று அவரும் கேட்பதில்லை, நடுவில் நான் இரண்டு பேருக்கும் வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அவர் லைப்ரரிக்குப் போயிருக்கிறார், வருவதற்குள் எழுதித் தபாலில் போட்டுவிட வேண்டும். தமிழ்ப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று சனிக்கிழமைதோறும் காரில் அழுதுகொண்டே வருவாயே, உன்னை இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்குத்தான் பலன். எழுத்துக்கூட்டியாவது கடைசிவரை நீயே படி.

அந்த பர்னர் கதை உனக்குப் பாதிதான் தெரியும். போன வருஷக் குளிரில் இரண்டு நாள் கரண்ட் போனது ஞாபகம் இருக்கிறதா, ஹீட்டர் கேஸில்தான் ஓடுகிறது என்றாலும் அதன் ஃபேனுக்குக் கரண்ட் வேண்டும், அதனால் மூன்று ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உன் அப்பாவுக்கு அது பெரிய மானப் பிரச்சினை ஆகிவிட்டது. முதலில் திருச்சியில் பாய்லர் தொழிற்சாலை, அப்புறம் இங்கே ஹீட்டர் கம்பெனி, வாழ்க்கை முழுக்க நெருப்போட வேலை பாத்தவன் வீட்டுல குளிரா என்று புலம்பிக்கொண்டே இருந்தார். ரிடையர் ஆன கை வேறு சும்மா இருக்குமா. கரண்ட்டே வேண்டாத ஒரு எண்ணெய் பர்னர், அதை அப்படியே ஃபயர்ப்ளேஸுக்குள் வைத்தால் ஹால் முழுக்கச் சூடாக வேண்டும், இதுதான் அவர் போட்ட திட்டம். ஒரு ஸ்டாண்டின் மேல் நம் பழைய எவர்சில்வர் தூக்கு, அதன் அடியில் ஒரு சின்னக் குழாய், குழாயில் ஒரு திருகு, திருகைத் திறந்தால் எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் காய்ந்த இரும்புக்கிண்ணத்தில் விழும், விழுந்த உடனே ஆவியாகிப் பற்றிக்கொள்ளும். மூன்று கிண்ணம் செய்து பார்த்தார், மூன்றும் சூட்டில் கோணிக்கொண்டது. நாலாவது நாள் என் பணியாரக்கல்லைக் காணோம். கேட்டால், இதைவிட நல்ல காஸ்ட் அயர்ன் இந்த நியூ ஜெர்சியில எங்க கிடைக்கும் என்கிறார். நடுக்குழியில் எண்ணெய் சொட்டும், அவர் போட்ட ஓட்டை வழியாகச் சுற்றியிருக்கிற ஆறு குழிக்கும் போகும். வாயாரச் சொல்கிறேன், கராஜில் அதை முதல் தடவை ஏற்றியபோது ஏழு குழியிலும் புகையே இல்லாமல் எரிந்தது, எனக்கே கையைத் தட்டத் தோன்றியது.

எண்ணெய்க்கா பஞ்சம். தீபாவளிக்குப் பலகாரம் சுட்ட எண்ணெயை என்ன செய்வது என்று தெரியாமல் இந்த ஊரில் எல்லா வீட்டிலும் ஜாடி ஜாடியாக வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள், சிங்க்கில் கொட்டினால் அடைத்துக்கொள்ளும், குப்பையில் போட்டால் கசியும். செய்தி பரவியதும் ஆளாளுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த தெரு மயில்சாமி அங்கிள் மட்டும் மூன்று கேன் கொண்டுவந்தார். உன் அப்பா எல்லாவற்றையும் பழைய வேட்டியில் வடிகட்டி, வடை, முறுக்கு, பூரி என்று லேபிள் ஒட்டி அடுக்கினார். ஒரே ஒரு விதிதான், மிளகாய் பொரித்த எண்ணெய் மட்டும் கூடாது. அதை என்னிடம் நாலு தடவை சொன்னார், நானும் நாலு தடவை தலையை ஆட்டினேன்.

தாங்க்ஸ்கிவிங்குக்கு வந்தபோது நீ இதைப் பார்த்துவிட்டுப் போட்ட சண்டையைத் திரும்ப எழுத வேண்டாம். அது வீட்டுக்குள்ள வந்தா சுஹாஸ நான் கூட்டிட்டு வர மாட்டேன் என்று நீ சொன்னாய், கராஜைத் தாண்டாது என்று அவர் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை மீறினது அவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மீற வைத்தது நான். இரண்டு வாரம் முன்னால் வெள்ளிக்கிழமை ஐஸ் மழை கொட்டிக் கரண்ட் போனதும் என் முழங்கால் இரண்டும் பூட்டுப் போட்டுக்கொண்டது. மயில்சாமி அங்கிள் வீட்டுக்குப் போகலாம் என்றால் அங்கேயும் கரண்ட் இல்லை, ரோடெல்லாம் கண்ணாடி. எதையாவது பண்ணுங்க, என்னால முடியல என்று நான்தான் அழுதேன். உன் அப்பா அரை மணி நேரம் கராஜுக்கும் ஹாலுக்கும் நடந்தார், அப்புறம் பர்னரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். இந்த வீட்டை வாங்கி இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஃபயர்ப்ளேஸில் நாம் ஒரு கட்டை எரித்ததில்லை, கொலு பொம்மைப் பெட்டிகளைத்தான் உள்ளே அடுக்கி வைத்திருந்தோம். பெட்டிகளை வெளியே எடுத்தார், சிம்னிக் கதவைத் திறந்தார், டார்ச் அடித்து மேலே பார்த்தார், வெளிச்சம் தெரியுது என்றார். வெளிச்சம் தெரிந்தது வாஸ்தவம், எவ்வளவு தெரிந்தது என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

வெள்ளியும் சனியும் ஹால் அவ்வளவு கதகதப்பாக இருந்தது. படுக்கப் போகும்போது அணைத்துவிடுவார், காலையில் ஏற்றுவார். வீடு முழுக்க வடை சுட்ட வாசனை. வேறு யார் வீடாக இருந்தாலும் சிம்னி வழியாகப் போக வேண்டிய வாசனை உள்ளே எப்படி வருகிறது என்று கேட்டிருப்பார்கள். நம் வீட்டில் அந்த வாசனை என்றைக்கு இல்லை, யாருக்குச் சந்தேகம் வரும். சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து எனக்குத் தலைவலி, சைனஸ் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா காபி குடித்த கையோடு நாற்காலியில் தூங்கிவிட்டார், வயதாகிறது என்று கேலி வேறு செய்தேன். மத்தியானத்துக்குத் தயிர்சாதம் பிசைந்து, தீக்குச்சியால் கேஸைப் பற்றவைத்து மோர்மிளகாய் பொரித்தேன். வாணலியில் கொஞ்சம் எண்ணெய் மிச்சம், தூக்கில் எண்ணெய் அடிமட்டத்துக்கு வந்திருந்தது, அவரோ குறட்டை விடுகிறார். எதற்கு எழுப்ப வேண்டும், எண்ணெய் எண்ணெய்தானே என்று ஊற்றிவிட்டேன்.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது. என்ன நெடி என்கிறாய், தொண்டையை யாரோ பிடித்து நெரிக்கிற மாதிரி, கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், உன் அப்பா இருமிக்கொண்டே எழுந்து யாரு மிளகாயப் போட்டது என்று கத்தினார், எழுந்தவர் தள்ளாடினார். ஆனாலும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். செருப்புகூட இல்லாமல் ஐஸில் நின்றுகொண்டு என்னைத் திட்ட வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். சிம்னி இழுத்துக்கிட்டிருந்தா நெடி கூரைக்கு மேலதானே போகணும், எப்படி ஷ்யாமளா ஹாலுக்குள்ள வந்துச்சு, நெடி வந்தா கூட வேற என்னல்லாம் வந்திருக்கும் என்றார். எனக்குப் புரியவில்லை, அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. போகாதீங்க என்று நான் கத்தக் கத்தத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடித் திருகை மூடிவிட்டு வந்தார், வந்து 911 கூப்பிட்டார்.

ஃபயர் டிபார்ட்மெண்ட் ஆட்கள் மீட்டரைக் கொண்டுவந்து, கதவெல்லாம் திறந்து இருபது நிமிஷம் ஆன பிறகும் அது கத்துவதைக் காட்டினார்கள். கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, நெடி கிடையாது, தலையை வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதானாம். சிம்னிக்குள் அணில் கூடு கட்டிப் பாதியை அடைத்திருக்கிறது, மீதியைச் சனிக்கிழமை விழுந்த ஐஸ் மூடியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் சாயங்காலம்வரை ஆக்ஸிஜன் வைத்து இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்கள். இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் போயிருந்தா என்று அந்த டாக்டர் பெண் ஆரம்பித்துவிட்டு முடிக்கவில்லை. மறுநாள் ரசம் கொண்டுவந்த மயில்சாமி அங்கிள், ஏனுங்க அம்மணி, அந்த மோர்மொளகாய்க்கு ஒரு பொங்கல் வெச்சுக் கும்புடோணுமுங்க என்றார். சிரித்தேன், சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதேன். பயத்தில் அழவில்லை, உயிரோடு இருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

இனிமேல் எழுதப்போகிறதற்குத்தான் இந்தக் கடிதமே. அன்றைக்கு வீட்டுக்கு வந்த ஃபயர்மேன் கூரையைப் பார்த்துவிட்டு இங்க இருந்த அலாரம் எங்க என்று கேட்டார். புகைக்கும் இந்த மோனாக்சைடுக்கும் சேர்த்துக் கத்துகிற அலாரம் அது, அது இருந்த இடத்தில் ஒரு வெறும் வளையம்தான் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா நான்தான் கழட்டினேன் என்றார். உனக்கு போனிலும் அதையே சொன்னார். பர்னர்காரர் அலாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு நெருப்பு மூட்டியிருக்கிறார் என்றால் உனக்குக் கோபம் வராதா. யூ ஆல்மோஸ்ட் கில்ட் அம்மா என்று நீ போட்ட சத்தம் ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. அவர் ம் என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். ப்ரியா, அலாரத்தைக் கழற்றியது அவர் இல்லை, நான். தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது அது ஓயாமல் கத்தியது, ஸ்டூலைப் போட்டு ஏறிக் கழற்றிப் பேட்டரியை உருவி மசாலா டப்பா ட்ராயரில் போட்டேன். சமையல் முடிந்ததும் மாட்டலாம் என்றுதான் நினைத்தேன், நம் வீட்டில் சமையல் என்றைக்கு முடிந்தது. அவருக்குக் கழற்றினதே தெரியாது. தெரிந்திருந்தால் பர்னரை உள்ளே கொண்டுவந்திருக்க மாட்டார், அந்த விஷயத்தில் அவர் எவ்வளவு கறார் என்று உனக்கே தெரியும்.

எதுக்கு என் பழிய நீங்க எடுத்துக்கிட்டீங்க என்று கேட்டேன். பர்னர் விஷயத்துல ஏற்கெனவே என்மேல கோவமா இருக்கா, அதுல இதுவும் சேந்துக்கட்டும், ரெண்டு பேர்கிட்டயும் கோச்சுக்கிட்டா பாவம் அவ யாருக்கு போன் பண்ணுவா என்றார். இதைக் கேட்ட பிறகும் நான் பத்து நாள் வாயை மூடிக்கொண்டு உன்னோடு சிரித்துப் பேசினேனே, அந்த வெட்கத்தில்தான் எழுதுகிறேன். கோபப்பட வேண்டுமானால் என்மேல் படு, நான் தாங்குவேன்.

சிம்னியை அடைத்து மூடியாயிற்று, கொலுப்பெட்டிகள் பழையபடி உள்ளே போய்விட்டன. பர்னரை அவரே பிரித்தார், நான் சொல்லவில்லை. பணியாரக்கல்லைப் புளி போட்டு இரண்டு நாள் தேய்த்து, ஓட்டைகளோடு என் அடுப்படியில் கொண்டுவந்து வைத்தார், மாவு ஊற்றினால் ஒழுகும், இருந்தாலும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் ஓடுகிற மாதிரி ஜெனரேட்டர் ஒன்று வீட்டுக்கு வெளியே வைக்க ஆள் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். உன் அப்பா மாடியிலும் கீழேயுமாக நாலு புது அலாரம் மாட்டியிருக்கிறார், தினம் காலையில் ஒவ்வொன்றாக அமுக்கிக் கத்தவிடுகிறார், நானும் காதைப் பொத்திக்கொண்டு சரி சரி என்கிறேன். திருஷ்டி சுற்றி மிளகாயை நெருப்பில் போட்டால், நெடி வராவிட்டால்தான் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம் என்பார்கள். அன்றைக்கு வந்த நெடியைப் பார்த்தால் நம் குடும்பத்தின்மேல் ஒரு கண்ணும் இல்லை, நிம்மதியாக இரு.

சுஹாஸுக்கு இருமல் என்றாயே, வெந்நீரில் குளிப்பாட்டு, டேகேருக்கு மஃப்ளர் இல்லாமல் அனுப்பாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், நிறைந்த ஆயுளோடு, ஒருவருக்கொருவர் துணையாக இருக்க அம்மாவின் ஆசீர்வாதம்.

ஒரே ஒரு ஞாபகப்படுத்தல். ஆகஸ்ட்டில் அங்கே வந்திருந்தபோது உன் சமையலறைக் கூரையிலும் ஒரு வெறும் வளையத்தைப் பார்த்தேன். அலாரம் ஸ்பூன் ட்ராயரில் கிடந்தது. தாளிக்கும்போது கத்துகிறது என்று நீ சொன்னாய், நானும் ஆமாம் ஆமாம் என்று சிரித்தேன். சின்ன வயதிலிருந்து என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதானே. இதைப் படித்து முடித்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி அதை மாட்டு. பேட்டரி எந்தப் பக்கம் போடுவது என்று அப்பாவுக்கு போன் பண்ணிக் கேள். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஷ்யாமளா வெங்கடகிருஷ்ணன்