கோணாமலை என்று ஒரு பாட்டு

கல்லடி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள அன்னப்பூரணிக்கு,

இங்கு நானும் மகள் தனுஷியாவும் உன் அம்மாவும் சுகம். உன் சுகத்தை நேற்றுத்தான் போனில் கேட்டேன். ஆனாலும் கடிதம் என்றால் அதைக் கேட்காமல் தொடங்கக் கூடாதாம். உன் கூட்டாளி சபீனா விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறாள். அவளிடம் வறுத்த கூனி இறாலும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். இதில் எழுதுவதைப் போனில் சொன்னால் நீ வெட்கத்தில் பேச்சை மாற்றி மழை பெய்ததா என்று கேட்பாய். மழை பெய்தது. ஒழுகிய குசினிக் கூரைத் தகரத்தையும் மாற்றிவிட்டேன். தனுஷியா உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்கிறாள். புத்தகத்துக்கு மேலே போன்தான் இருக்கிறது.

இனி விசயத்துக்கு வருகிறேன். அன்னம், அந்தப் பாட்டு உன்னுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நிலோஜனும் காத்தான்குடி நளீரும் நடத்தும் றொக் பேண்டின் பாட்டைத்தான் சொல்கிறேன். என் ஆட்டோவில் ஏறுகிற பிள்ளைகள் எல்லாம் அதைத்தான் போடச் சொல்வார்கள். என் பெயர் வருகிறதே என்று எனக்குக் கூச்சம். ஆட்டோ ஸ்டாண்டில் அழகரத்தினம், உன்னையாடா பாடுறாங்க என்று முதுகில் அறைவான். உலகத்தில் வேறு கோணாமலை இல்லையா என்று நானும் சிரித்துவிட்டுப் போவேன்.

போன மாதம் ஒரு ரீச்சரை ஏற்றிக்கொண்டு பாலத்தில் வரும்போதுதான் இரண்டாவது சரணத்தை ஒழுங்காகக் கேட்டேன்.

*கண்ணாடியைத் திருப்பி நீ பார்த்ததெல்லாம் பாதையா,*
*பின்னிருக்கையில் நான் என்று எனக்குத் தெரியாதா.*

ஆட்டோவை ஓரத்தில் நிறுத்திவிட்டேன். என்ன என்று ரீச்சர் கேட்டார். பிளக் அடைத்துவிட்டது என்றேன். கண் தெரியாத அளவுக்கு எனக்குத் தண்ணீர் வந்துவிட்டது. கல்யாணம் முடித்த புதிதில் நான் கண்ணாடியைத் திருப்பியது உனக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியும்? நீ தெரியாததுபோல வெளியே பார்த்துக்கொண்டு வருவாயே, கள்ளி.

வீட்டுக்கு வந்து தனுஷியாவை மிரட்டினேன். எல்லாம் சொன்னாள். நீ வேறு பெயரில் முகநூலில் எழுதியது, நிலோஜன் அதைப் பார்த்துப் பாட்டாக்கக் கேட்டது, பெயர் வெளியே வரக்கூடாது என்று நீ சத்தியம் வாங்கியது, எல்லாம். அடுத்த மாதம் கல்லடிக் கடற்கரையில் பெரிய கச்சேரி வைக்கிறார்கள். அன்றைக்காவது எழுதியவரின் பெயரைச் சொல்ல விடுங்கள் என்று அந்தப் பிள்ளை உன்னிடம் கெஞ்சினானாம். நீ மறுத்துவிட்டாயாம். புருசனின் பெயரைச் சொல்லிப் பாட்டெழுதியவள் என்று என்னைச் சொல்வது இருக்கட்டும், அப்பாவை ஸ்டாண்டில் இருக்க விடமாட்டார்கள் என்று தனுஷியாவிடம் சொன்னாயாம்.

எனக்குக் கோபம் வந்தது. சந்தோசத்தை விடக் கொஞ்சம் குறைவான கோபம்.

எனக்கு றொக் தெரியாது. ஆனால் இப்போது இந்தப் பாட்டைத் தனியாக இருந்து கேட்கிறேன். தொடக்கத்தில் கிற்றார் மட்டும்தான். நிலோஜன் மெதுவாக, நீ பக்கத்தில் இருந்து சொல்வதுபோலச் சொல்கிறான்:

*ஊரில் இருந்தவரை ஒருநாளும் அழைத்ததில்லை,*
*கடல் கடந்து வந்தபின் கத்தி அழைக்கிறேன்.*

பிறகு நளீர் டிரம்மில் ஓங்கி அடிக்கிறான். எல்லோரும் சேர்ந்து கோணாமலை, கோணாமலை என்று கத்துகிறார்கள். இவ்வளவு அமைதியான கவிதைக்கு இவ்வளவு சத்தம் எதற்கு என்று முதலில் நினைத்தேன். இப்போது விளங்குகிறது. நீ அந்தச் சத்தத்தைத்தான் எழுதியிருக்கிறாய். அந்தப் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். உன்னைக் கெட்டிக்காரி என்று சொன்னால் போதாது. அதற்குமேல் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, நீதான் எழுதுகிறவள்.

உன் அம்மா கதையைக் கேள். எவளோ வெட்கங்கெட்டவள் புருசன்ட பேரச் சொல்லிக் கத்துறாள், மருமகன்ட பேரும் அதாப் போச்சே என்று பக்கத்து வீட்டில் குறைப்பட்டாராம். ஆனால் மாலையில் தனுஷியாவைக் கூப்பிட்டு, அந்த வெட்கங்கெட்டவளை இன்னொருதரம் போடு பிள்ளை என்கிறார். நேற்று அரிசி புடைக்கும்போது அவரே முணுமுணுத்தார். நான் கேட்காததுபோலப் போய்விட்டேன்.

என்னால் தாங்க முடியாதது வேறு. ஒரு இணையத்தளத்தில் வரிகள்: நிலோஜன் என்று போட்டுவிட்டார்கள். அவன் நல்ல பிள்ளை, உடனே மறுத்து எழுதினான். இப்போது, வரிகள்: பெயர் சொல்ல விரும்பாதவர் என்று இருக்கிறது. அதை வாசிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டாரில் யாரோ ஒருவர் வீட்டில் வயதான அம்மாவைக் குளிப்பாட்டி, அவர் தூங்கிய பிறகு எழுதியவள் நீ. உனக்குப் பெயர் இல்லையா? ஆட்டோவில் பிள்ளைகள் பாடும்போது, எழுதினது என் மனுசி என்று சொல்ல வாய் வரை வருகிறது. சூடான சோற்றை வாயில் வைத்தவன்போல விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருக்கிறேன்.

ஸ்டாண்டில் என்னைப் பகிடி பண்ணுவார்கள்தான். பண்ணட்டுமே. இப்படி ஒருத்தி தன்னைப் பற்றி எழுதினாள் என்று சொல்ல அழகரத்தினத்துக்குக் கொடுத்துவைக்கவில்லை. எனக்கு வெட்கம் இல்லை அன்னம், பெருமைதான். என்னை நினைத்து உன் பெயரை மறைக்காதே. நிலோஜனுக்கு, ஓம், பெயரைச் சொல்லலாம் என்று ஒரு வரி அனுப்பு. கச்சேரியன்று நானும் உன் அம்மாவும் முன்வரிசையில் இருப்போம். அவருக்குச் சொல்கிற வேலை என்னுடையது.

வேளைக்குச் சாப்பிடு. குளிர்பதனி அறையில் ஈரத் தலையோடு படுக்காதே. மாமாங்கப் பிள்ளையார் உன்னைச் சுகமாக என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

ஊரே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. உன் வாயால் இன்னும் கேட்கவில்லை. இந்த வெள்ளிக்கிழமை போன் எடுக்கும்போது, வழக்கம்போல இஞ்சேருங்க என்று தொடங்காதே. சத்தமாக வேண்டாம், பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஒருதரம் சொல்லு. நான் ஆட்டோவை ஓரத்தில் நிறுத்திக்கொண்டு காத்திருப்பேன்.

உன்,
கோணாமலை